ஒரு கூரையின்கீழ் எத்தனை பேர்

சிங்கப்பூரின் தேக்காவில், டன்லப் தெரு சிராங்கூன் சாலையைச் சந்திக்கும் முனையில் அந்திப் பொழுதில் நின்று, பூக்கடைகளையும் காய்கறிக் கூடைகளையும் விட்டுக் கண்ணைச் சற்றே மேலே உயர்த்துகிறவருக்கு, கடைவீடுகளின் மாடிச் சன்னல்களில் உலரும் சட்டைகளும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டில்களின் இரும்புக் கம்பிகளும், ஏதோவொரு கணினித் திரையின் வெளிறிய வெளிச்சமும் தென்படும். மக்னெலி தெருவிலுள்ள லாசால் கலைக்கல்லூரிக்கும் செலிகி, வில்கி சாலைகளைச் சுற்றியுள்ள தனியார் கல்விக்கூடங்களுக்கும் நடந்தே போய்விடலாம் என்பதாலும், மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்பதாலும் மாணவர்கள் நாடுகிற இடம் இது. அஞ்சடி நடைபாதைத் தூண்களில் 'படுக்க இடம் உண்டு' என்று கையால் எழுதி ஒட்டிய தாள்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். மழை நனைத்து எழுத்து கரைந்த பிறகும் அத்தாள்களை ஒருவரும் கிழித்தெறிவதில்லை. அதன்மேலேயே புதுத்தாள் ஒட்டுகிறார்கள்.

அந்த மாடிகளில் எத்தனை பேர் வசிக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. இரத்த உறவில்லாதவர்கள் ஒரு வீட்டில் ஆறு பேருக்கு மேல் தங்கக்கூடாது என்று தனியார் வீடுகளுக்கு 2017-ஆம் ஆண்டிலும், நான்கறை மற்றும் அதனினும் பெரிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 2018-ஆம் ஆண்டிலும் வரம்பு குறைக்கப்பட்டது. வாடகை ஏறி இடம் கிடைக்காமல் பலரும் தவித்த நிலையில், 2024 ஜனவரி 22 முதல் பெரிய வீடுகளுக்கு மட்டும் அது தற்காலிகமாக எட்டாயிற்று. ஆறா எட்டா என்கிற இந்த ஆலோசனை நேற்று முளைத்தது அன்று. நூறாண்டுகளுக்கும் மேலாக இந்நகரத்தின் சபைகள் வெவ்வேறு பெயர்களில் கூடி, வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் எடுத்து, விவாதித்துவருகிற பழைய வழக்கு இது. அவ்வழக்கில் யாரைப் பற்றித் தீர்ப்பு எழுதப்பட்டதோ அவர் ஒருபோதும் சபையில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதே அதன் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தை உறுத்துவது.

தமிழரிடையே கூட்டுவாசத்துக்கு இவ்வூரில் ஒரு பழஞ்சொல் உண்டு: கிட்டங்கி. மார்க்கெட் தெருவிலும் சூலியா தெருவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகள், கடைகளாக இருந்ததோடு வாசஸ்தலங்களாகவும் இருந்தன. நீண்ட கூடம் ஒன்றில் சுவரோரமாக ஆளுக்கொரு மரப்பெட்டகம், அதன் முன்னே தரையில் அமர்ந்து எழுதும் தாழ்ந்த மேசை, சுருட்டி வைத்த பாய்: ஒருவருடைய தொழிலும் உறக்கமும் சேமிப்பும் அந்தச் சில முழ இடத்துக்குள் அடங்கின. செட்டிநாட்டிலிருந்து மூன்றாண்டுக் கணக்குக்கு வந்த மேலாளும், அவருக்குக் கீழே அடுத்தாளும், எல்லாருக்கும் இளையவனான பெட்டியடிப் பையனும், பொதுச் சமையல்காரர் வடித்த சோற்றை ஒரே பந்தியில் உண்டார்கள். மீசை அரும்பாத பருவத்தில் கப்பலேறி வந்த அந்தப் பையன், பேரேடு எழுதவும் வட்டி கணக்கிடவும் முகம் பார்த்து மனிதரை எடைபோடவும் அக்கூடத்திலேயே கற்றுக்கொண்டான் என்பதை எண்ணும்போது, சிங்கப்பூரில் தமிழ் வித்தியார்த்திகளின் முதல் விடுதி கிட்டங்கியே என்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே எத்தனை பேர் தங்கலாம் என்பதை நகரசபை நிர்ணயிக்கவில்லை. ஊரும் உறவும் தொழிலும் நிர்ணயித்தன. 1970-களில் நகரப் புதுப்பிப்பின்போது மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன.

சிராங்கூன் சாலையின் கதை வேறு. வீரமாகாளியம்மன் ஆலயத்தைச் சுற்றிய பகுதிக்குச் சுண்ணாம்புக் கம்பம் என்றே முன்னாளில் பெயர்; சுண்ணாம்புச் சூளைகளிலும் செங்கல் சூளைகளிலும் வேலை செய்தவர்கள் இட்ட பெயர் அது. ரோச்சோர் ஆற்றங்கரையில் தண்ணீரும் புல்லும் தாராளமாக இருந்தமையால் மாட்டு வியாபாரம் அங்கே செழித்தது. கண்டாங் கெர்பாவ், கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்று எருமைகளின் நினைவு இன்றும் தெருப் பலகைகளில் நிற்கிறது. சூளைக்காரர், மாட்டுக்காரர், வண்டிக்காரர், தெருக்கூட்டியும் கால்வாய் தோண்டியும் நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்த முனிசிபல் தொழிலாளர் ஆகிய இவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து மனைவி மக்களை விட்டுத் தனியே வந்தவர்கள். நகரசபை தன் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு லயன் வரிசைகளைக் கட்டிக்கொடுத்தது. மற்றவர்கள் கடைவீட்டு மாடிகளில் இடம் பிடித்தார்கள்.

கடைவீடு என்பது தெருவுக்குக் குறுகிய முகத்தைக் காட்டி, பின்னோக்கி ஆழமாக நீளும் கட்டடம். முன்னே அஞ்சடி, நடுவே மழையும் வெளிச்சமும் இறங்கும் வானவெளி முற்றம், பின்னே அடுப்படி என்ற அமைப்பு ஒரு குடும்பத்துக்கு எத்தனையோ வசதியானது. ஆனால் வாடகையாசையால் மாடியைப் பலகைகளால் தடுத்துத் தடுத்துச் சிற்றறைகள் ஆக்கியபோது, முற்றத்தின் வெளிச்சம் முதல் தடுப்போடு நின்றுபோயிற்று. நடுவறைகளில் பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு வீடுகளின் முதுகுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பின்வாசல் என்பது இல்லை. மலக்கூடையைச் சுமப்பவர் அடுப்படியையும் கூடத்தையும் கடந்து முன்வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். காசநோய் அவ்வறைகளில் குடியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நகரத்து மரணக் கணக்கைக் கண்டு கவலைகொண்ட அரசாங்கம், கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்து பின்னர் லண்டனில் சுகாதாரப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் சிம்சனை 1906-ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வரவழைத்தது. அவர் வீடு வீடாக அளந்து, தளப்படங்கள் வரைந்து, 1907-இல் அளித்த அறிக்கை இந்நகரத்தின் உடலை அறுத்துக் காட்டிய முதல் சாஸ்திர நூல் எனத் தகும். தனிமனிதரின் அழுக்குப் பழக்கமே வியாதிக்குக் காரணம் என்று கனவான்கள் சொல்லிவந்த காலத்தில், கட்டடத்தின் அமைப்பே காரணம் என்று அவர் எடுத்துக்காட்டினார். காற்றும் வெளிச்சமும் புகாத வீட்டில் வசிப்பவனைத் தண்டித்துப் பயனில்லை, வீட்டைத் திறக்கவேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒட்டிக்கிடக்கும் வீட்டு வரிசைகளின் நடுவே பின்சந்துகள் வெட்டவேண்டும் என்ற பிரதானமான சிபாரிசு அங்கிருந்து பிறந்தது.

அவர் போனபின் விவாதம் தொடங்கிற்று. சந்து வெட்டினால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பின்னாலிருந்து சில அடி நிலத்தை இழக்க வேண்டும். இழப்புக்கு ஈடு யார் தருவது, எந்த விலைக்குத் தருவது, ஈடு கொடுக்க வரியை உயர்த்தினால் வரி செலுத்துவோர் பொறுப்பார்களா என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன. நெரிசலைக் குற்றமாக்குவோம் என்றாலோ, அதை நிரூபிக்க உறங்குகிறவர்களை எண்ணவேண்டும். உறங்குகிறவர்களை எண்ண வேண்டுமானால் நடுஇரவில் விளக்கோடு போய்க் கதவைத் தட்டவேண்டும். எண்ணி முடித்துக் கூடுதலானவர்களை வெளியேற்றினால் அவர்கள் அடுத்த தெருவில் இன்னொரு சிற்றறையை இன்னும் நெருக்கமாக்குவார்கள். இதை அறிந்தவர்கள் அன்றைய அதிகாரிகளிடையேயும் இருந்தார்கள். ஆயினும் முனிசிபல் கமிஷனர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி செலுத்தும் சொத்துக்காரருக்கே இருந்தது. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேர்தலையும் நீக்கி எல்லாரையும் கவர்னரின் நியமனத்துக்கு விட்டுவிட்டது. மாடியில் பாய்விரித்தவருடைய அபிப்பிராயத்தைக் கேட்பதற்கு முன்னும் வழியில்லை, பின்னும் வழியில்லை. 1918-இல் வீட்டு வசதிக் கமிஷன் ஒன்று அமர்ந்தது. 1927-இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை சட்டபூர்வமாகத் தோன்றிற்று. சந்துகள் மெதுவாக, வருஷத்துக்குச் சில என்ற விகிதத்தில், வெட்டப்பட்டன.

இதே காலத்தில், நகரத்தின் வேறொரு கோடியில், இன்னொரு வகைத் தனியர்களுக்கு இன்னொரு வகை உபசாரம் நடந்தது. டான் ஜியாக் கிம் தலைமையில் உள்ளூர்ப் பெரியோர் திரட்டிக் கொடுத்த 87,077 டாலரைக் கொண்டு 1905-ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளி, சிப்பாய் லைன்ஸ் என்னும் இடத்தில், முன்னாளில் பெண்களின் மனநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் 23 மாணவர்களோடு குடிபுகுந்தது. சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிப்பாய்களின் லயன்களால் ஏற்பட்டது. ஆகவே அந்த மண் ஏற்கெனவே தனியாக வந்தவர்களின் வாசஸ்தலம். மலாய் மாநிலங்களிலிருந்து வந்த மாணவர்களுக்காக அங்கே கட்டப்பட்ட விடுதி பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு விடுதி என்று பெயர்பெற்றது. இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆகப் பழமையான விடுதி அதுவே. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அப்பள்ளியில் பயின்று ஊர் ஊராக வைத்தியர்களாகப் போனார்கள்.

சிப்பாய் லைன்ஸில் மாணவனுக்குக் கட்டில், மேசை, சன்னல், கண்காணிப்பாளர். தேக்கா மாடியில் தொழிலாளிக்குப் பாய், தடுப்புப் பலகை, முதல் குத்தகைக்காரர். வயது ஒன்று, ஊரைவிட்டு வந்த ஏக்கம் ஒன்று, வீட்டுக்குக் கடிதம் எழுதும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று. படிக்க வந்தவனின் வாசம் ஸ்தாபனத்தின் கடமையாகவும், உழைக்க வந்தவனின் வாசம் சுகாதாரத் தொல்லையாகவும் அன்று பிரிக்கப்பட்டன. பின்னால் வந்த ஒவ்வொரு சபையும் இந்தப் பிரிவினையைச் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

1949 அக்டோபரில், அந்த மருத்துவப் பள்ளி வளர்ந்து உருவான மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. தீபகற்பம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வரத்தொடங்கியமையால் இருந்த விடுதிகள் போதவில்லை. புக்கித் தீமா வளாகத்துக்கு அருகே டனர்ன் சாலை விடுதிகள் ஏற்பட்டன. எளிய கட்டடங்களே அவை. ஆனால் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் யூரேசியரும் ஒரே குளியலறை வரிசையில் நின்று, ஒரே மேசையில் உண்டு, இரவு வெகுநேரம் வரை தேச விடுதலையைப் பற்றி வாதாடிய முதல் கூரைகளில் அவையும் சேரும். பல்கலைக்கழகச் சோஷலிசக் கழகத்தின் 'ஃபஜார்' இதழில் வெளிவந்த தலையங்கம் ஒன்றுக்காக 1954 மே மாதம் ஜேம்ஸ் புதுச்சேரி, ராஜகுமார், அருள்சோதி உள்ளிட்ட எட்டு மாணவர்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது, போலீசார் தேடிவந்தது மாணவர் விடுதியைத்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளி எட்டுப் பேரையும் விடுவித்தது. ஒன்றாக வசிப்பவர்கள் ஒன்றாகச் சிந்திக்கவும் தொடங்குவார்கள் என்பதை ஆள்வோர் நன்கறிந்திருந்தனர். கிட்டங்கியில் வட்டிக்கணக்கு கற்ற பையனுக்கும் டனர்ன் சாலையில் அரசியல் கற்ற இளைஞனுக்கும் கூட்டுவாசமே குருகுலமாக இருந்தது. கூரையைச் சதுர அடியால் மட்டும் அளக்கிறவர்களுக்கு இது புலப்படுவதில்லை.

யுத்தத்துக்குப் பிறகு நகரத்தின் ஜனத்தொகை விரைந்து பெருகிற்று: 1947-இல் 9,38,144, பத்தாண்டு கழித்து 14,45,929. 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையைப் பழைய நிலையிலேயே உறையவைத்தது. ஏழைக் குடிகளை அது காத்தது உண்மை. ஆனால் வீட்டுக்காரர் பழுதுபார்ப்பதை நிறுத்தினார், முதல் குத்தகைக்காரர் குறைந்த வாடகைக்கு எடுத்த மாடியைப் பலகைத் தடுப்புகளாகப் பிரித்து உள்வாடகைக்கு விட்டார், சிற்றறைகள் முன்னிலும் சிறுத்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரிங்டன் கே அப்பர் நான்கின் தெருவில் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு, சிம்சன் கண்ட இருட்டறைகள் அரை நூற்றாண்டு கழிந்தும் அப்படியே இருந்தமை புரியும். ஒரு பல்கலைக்கழகம் தன் விடுதியின் சன்னலைத் திறந்து நகரத்தின் மாடிகளைப் பார்த்த தருணம் அது. அதற்காக அந்நூலை நான் மதிக்கிறேன்.

1949-இல் முனிசிபல் தேர்தல் மீண்டும் வந்தது. 1951 செப்டம்பர் 22-இல் சிங்கப்பூர் மாநகரமாகி, கமிஷன் நகர மன்றம் ஆயிற்று. 1957 டிசம்பரில் முப்பத்திரண்டு இடங்களும் முதன்முறையாகத் தேர்தலால் நிரப்பப்பட, ஓங் எங் குவான் மேயரானார். கீழ்த்தட்டு ஜனங்கள் நகர மண்டபத்தின் படிகளில் தம் சொந்தக் குறைகளைச் சொல்ல ஏறிய காலம் என்று அதைச் சொல்லவேண்டும். நூறாண்டு விவாதத்தில் குடியிருப்பவனுடைய குரல் சபைக்குள் கேட்டிருக்கக்கூடிய சந்தர்ப்பம் அது ஒன்றே. கேட்டு முடிப்பதற்குள், 1959-இல் சுயாட்சி வந்து, மன்றத்தின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

1960 பிப்ரவரி முதல் தேதி தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் செய்த காரியத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மேம்பாட்டு அறக்கட்டளை முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியது ஏறத்தாழ 23,000 வீடுகள். கழகம் அதைச் சில ஆண்டுகளிலேயே தாண்டிற்று. பலகைத் தடுப்புகளில் பிறந்த பிள்ளைகள் குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் கதவுத் தாழ்ப்பாளும் உள்ள வீடுகளில் வளர்ந்தார்கள். ஆனால் அவ்வீடுகள் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டவை. தாய், தந்தை, மக்கள் என்ற உறவுக் கணுவே தகுதி. தனியாளுக்கு நெடுங்காலம் அங்கே வழியில்லை. குடும்பமாக வாழ்ந்தவர்கள் கடைவீட்டு மாடிகளைவிட்டு அடுக்குமாடிகளுக்குப் போனபின், அம்மாடிகளில் எஞ்சியவர்கள் முன்போலவே ஊரைவிட்டுத் தனியே வந்தவர்கள். 1989 ஜூலை 7-இல் தேக்கா வட்டாரம் லிட்டில் இந்தியா என்ற பெயரில் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால் கட்டடங்கள் பிழைத்தன. வாடகைக் கட்டுப்பாடு 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறவே நீங்கியதால் வாடகை ஏறிற்று.

2002-இல் அரசாங்கம் சிங்கப்பூரை உலகப் பள்ளிக்கூடமாக்கும் திட்டத்தை வகுத்து, 2015-க்குள் 1,50,000 வெளிநாட்டு மாணவர்களை வரவேற்க இலக்கு வைத்தது. பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்க்கு வளாகத்திலேயே விடுதிகளைப் பெருக்கின. நகர நடுவே அமைந்த சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் தேக்காவிலிருந்து எட்டி நடக்கும் தொலைவிலுள்ள பிரின்செப் தெருவில் பழைய வரிசை வீடுகளையே மாணவர் வாசமாக மாற்றிக்கொண்டது; பழைய கட்டடத்துக்கும் இளைய வயதுக்கும் அதைவிடப் பொருத்தமான சம்பந்தம் வேறில்லை. ஆனால் தனியார் கல்விக்கூடங்களை நம்பி வந்தவர்களுக்கு வளாகம் என்பதே கிடையாது. அடுக்குமாடி அறைகளும் தேக்கா மாடிகளுமே அவர்களுடைய விடுதி.

அண்டைவீட்டாரின் மனக்கசப்பும் கூடவே வந்தது. 2008-இல், மூடிக்கிடந்த சிராங்கூன் கார்டன்ஸ் தொழில்நுட்பப் பள்ளியை வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியாக்கும் யோசனை எழுந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். இறுதியில் தொகையைக் குறைத்து, தனிப்பாதை அமைத்து, விடுதி வந்தது. பிள்ளைகள் படித்த பள்ளியில் தொழிலாளர் உறங்குவதா என்ற அந்த வருத்தத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. ஊர் அமைதியை நேசிப்பதும் நியாயமே. ஆயினும் அந்தத் தனிப்பாதையை நினைக்கையில், 1907-இல் சிம்சன் கேட்ட பின்சந்து நினைவுக்கு வருகிறது. உள்ளே இருப்பவருக்குக் காற்றும் வெளிச்சமும் வரவேண்டும் என்று அவர் கேட்டது அது. வெளியே இருப்பவரின் கண்ணில் உள்ளே இருப்பவர் படாமலிருக்கக் கேட்டது இது.

எண்களின் வினோதத்துக்கு இன்னும் ஒன்று சொல்லலாம். 2014 முதல், வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டார் ஒரு வட்டாரத்தில் நூற்றுக்கு எட்டு, ஒரு புளோக்கில் நூற்றுக்குப் பதினொன்று என்ற வரம்பு உண்டு; மலேசியர் அக்கணக்கில் சேரார். ஈப்போவிலிருந்து வந்த தமிழ் மாணவனும் மதுரையிலிருந்து வந்த தமிழ் மாணவனும் ஒரே பாஷை பேசி, ஒரே பானையில் வடித்த சோற்றை உண்டு, ஒரே வகுப்பில் அமர்ந்தாலும், வீடு தேடிப் போகும்போது ஒருவன் எண்ணப்படுகிறான், மற்றவன் எண்ணப்படுவதில்லை. வட்டாரங்கள் இனவாரியாகவோ தேசவாரியாகவோ ஒதுங்கிப் போகாமலிருக்க இப்படிச் செய்கிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்தும், மதுரைப் பையனிடம் அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, டன்லப் தெருவுக்குப் பின்னாலுள்ள சந்து வழியே வந்தேன். மலக்கூடைகளுக்காகவும் காற்றுக்காகவும் வெட்டப்பட்ட சந்து. இப்போது சுவர்களில் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள், சாக்கடைமீது சிமெண்டுப் பலகை மூடியிருக்கிறது. வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டின் மேலே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. சோற்று நீராவியோடு பெருங்காயத்தின் வாசனையும் வந்தது. யாரோ ஒரு பையன் ஆங்கிலத்தில் ஒரு பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். ஒரு சொல்லின் உச்சரிப்பை மற்றொருவன் திருத்தினான். படிக்கட்டின் அடியில் செருப்புகள் மழைக்கு ஒதுங்கிச் சுவரோரமாகக் கிடந்தன: ரப்பர்ச் செருப்பு, பின்தேய்ந்த சப்பாத்து, உணவகச் சமையற்கூடத்துக்குப் போட்டுப்போகும் வழுக்காத கறுப்புச் சப்பாத்து. ஏழு, எட்டு, ஒன்பது ஜோடி என்று எண்ணிக்கொண்டிருந்தவன், எண்ணுகிறேன் என்பதை உணர்ந்து, அங்கேயே நிறுத்திக்கொண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தேன்.